கிழங்கான் என்னும் காணெ: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் வளர்ந்தவள். திருமணமாகி அல்சூருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறு காலையில் என்னோடு ரஸல் மார்க்கெட்டுக்கு மீன் வாங்க வருகிறவர்களும், கீழ் வீட்டுக்காரர்களும், உறவினர்களும் கிழங்கானைப் பற்றி ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்ததால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, நம்ம ஊர் கிழங்கானும் இங்க ஓட்டல்ல கிடைக்கிற காணெயும் ஒண்ணா?

ஒன்றுதான். தமிழ்நாட்டுக் கரையில் கிழங்கான் என்றும், துளுவிலும் கன்னடத்திலும் காணெ என்றும், மலையாளத்தில் பூழான் என்றும், கொங்கணியில் நாக்லி என்றும் இம்மீனை அழைக்கிறார்கள். அறிவியலில் இதன் பெயர் சில்லாகோ சிகாமா. செங்கடல் கரையில் ஆய்வு செய்துகொண்டிருந்த பீட்டர் ஃபார்ஸ்கால் 1763இல் ஏமனிலேயே இறந்துவிட, அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் 1775இல் நூலாக வெளிவந்தபோது இம்மீனும் முதன்முதலாக அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. செங்கடலில் தொடங்கி நம் இரு கரைகளையும் தொட்டு, கிழக்கே வெகுதூரம் வரை இது பரவியிருக்கிறது.

கன்னடத்தில் 'காணெ' என்ற சொல்லுக்குக் காணாமற்போனது என்றும் பொருள் உண்டு. மீனுக்கு அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆபத்து வந்தவுடன் மணலுக்குள் மறைந்துவிடும் ஒரு மீனுக்கு இந்தப் பெயர் பொருந்திப்போவதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

"லேடி ஃபிஷ்"னு போர்டுல எழுதியிருக்கே, அதுவும் இதுதானா?

பெங்களூர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் கிழங்கான்தான். உலகின் வேறு பகுதிகளில் அதே பெயரால் எலோப்ஸ் என்னும் முள் மிகுந்த வேறொரு மீனைக் குறிப்பிடுகிறார்கள் என்பதால், வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளைப் படிப்பவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

கிழங்கானை அடையாளம் காண்பது கடினமில்லை. உடல் உருண்டு நீண்டிருக்கும்; முகம் கூம்பாகக் குவிந்து, வாய் சிறியதாக முனையில் இருக்கும். முதுகு ஈர மணலின் வெளிர்ப்பழுப்பு நிறத்திலும் வயிறு வெள்ளியாகவும் இருக்க, முதுகில் முன்னும் பின்னுமாக இரண்டு துடுப்புகள் தெரியும். நீளமான, விலை குறைந்த தும்பிலி மீன் சில சமயம் இதோடு கலந்துவிடுவது உண்டு. தும்பிலியின் வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும், உள்ளே ஊசி ஊசியாகப் பற்கள் இருக்கும். வாயைத் திறந்து பார்த்தாலே போதும்.

இது ஆத்து மீனா, கடல் மீனா?

இரண்டுக்கும் நடுவே வாழ்வது என்பதே சரியான விடை. கரையை ஒட்டிய ஆழமற்ற கடலிலும், ஆறு கடலோடு சேரும் கழிமுகங்களிலும், உப்பங்கழிகளிலும் இது வாழ்கிறது. பெரும்பாலும் 20 மீட்டர் ஆழத்துக்குள் மணல் தரையை விட்டு விலகாமல் இருக்கும். கடலின் முழு உப்பையும், மழைக்குப் பின் கழிமுகத்தில் மிகக் குறைந்துபோகும் உப்பையும் இதன் உடல் தாங்கிக்கொள்ளும். முட்டைகள் நீரில் மிதப்பவை; அவற்றிலிருந்து வரும் குஞ்சுகள் அலையடங்கிய கழிமுகத் திட்டுகளில் இரைதேடி வளர்ந்து, பெரிதானபின் கடலோரத்துக்கும் கழிமுகத்துக்குமாகப் போய்வருகின்றன.

கழிமுகம்னா என்ன, முகத்துவாரம்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். முகத்துவாரம் என்பது ஆறு கடலுக்குள் திறக்கும் வாசல். கழிமுகம் என்பது அந்த வாசலிலிருந்து கடலேற்றத்தின் உப்பு எட்டும் தூரம் வரை உள்ளே விரியும் நீர்ப்பரப்பு முழுவதும். கன்னியாகுமரிப் பக்கத்தில் பொழிமுகம் என்பார்கள். நெய்தல் திணைப் பாடல்களில் வரும் 'கழி' என்ற சொல்லைத்தான் நாம் இன்றும் வைத்திருக்கிறோம்.

அங்கே நடப்பதை ஒருமுறை நின்று பார்த்தால் இந்த மீனைப் புரிந்துகொள்வது எளிது. உப்புநீர் நன்னீரைவிடக் கனமானது என்பதால், ஏற்றத்தின்போது கடல்நீர் அடியில் ஆப்புப்போல் நுழைய, ஆற்றுநீர் அதன்மேல் படர்ந்து கடலை நோக்கிப் போகிறது. நீர் வேகமாக ஓடும் ஓடைகளில் மெல்லிய சேறு அடித்துச் செல்லப்பட்டு மணல் மட்டும் தங்குகிறது. நீர் தேங்கும் ஓரங்களில் சேறு படிகிறது. ஒரே கழிமுகத்தில் நூறு அடி நடந்தால் காலுக்கடியில் தரை மாறிவிடும். கிழங்கான் இருப்பது அந்த மணற்பகுதியில்தான்: ஏற்றம் வரும்போது திட்டுகளின் மேல் ஏறி இரை தேடும், வற்றம் தொடங்கியதும் ஓடைக்குத் திரும்பும்.

மேற்குக் கரைக்கும் நம் கரைக்கும் இதில் பெரிய வேறுபாடு உண்டு. மங்களூரில் நேத்ராவதியும் குருபுரா ஆறும் சேர்ந்து ஒரே முகத்துவாரத்தின் வழியாகக் கடலில் கலக்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் அந்தக் கழிமுகம் ஏறக்குறைய முழுவதும் நன்னீராகிவிட, மழை ஓய்ந்தபின் உப்பு மெல்ல உள்ளே ஏறும். நம் பக்கத்தில் வெள்ளம் வருவது வடகிழக்குப் பருவமழையில். கோடையில் ஆற்றில் நீர் இல்லாதபோது கடலோரமாக நகரும் மணல் சில முகத்துவாரங்களை அடைத்தே விடுகிறது. சென்னையில் அடையாற்றையும், பழவேற்காட்டையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடியில வாழுற மீன்னா சேறு, சாக்கடை எல்லாம் தின்னும்னு சொல்றாங்களே?

கிழங்கான் சேறு தின்னும் மீன் இல்லை, வேட்டையாடும் மீன். மணலுக்குள் வளைபறித்து வாழும் கடற்புழுக்கள், சிறு இறால்கள், குட்டி நண்டுகள் ஆகியவையே இதன் உணவு. குவிந்த முகத்தை மணலில் நுழைத்து, வாயைக் குழாய்போல் நீட்டி இரையை உறிஞ்சிக்கொள்கிறது. இரை இருக்கவேண்டுமானால் மணலில் காற்றோட்டமும் நீரோட்டமும் வேண்டும். கழிவு படிந்து கறுத்து நாறும் தரையில் அந்த இரை குறைந்துவிடும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அடிமட்டத்தில் படியும் ஈய, கேட்மிய வகை உலோகங்கள் புழுக்களின் வழியாக அடிமட்ட மீன்களுக்குள் போகக்கூடியவை. ஆகவே மீன் எந்தக் கழிமுகத்திலிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. பாதரசத்தைப் பொறுத்தவரை, மற்ற மீன்களை உண்ணும் சுறா போன்ற பெரிய மீன்களோடு ஒப்பிட, சிறிதாகவும் உணவுச் சங்கிலியில் கீழேயும் உள்ள இத்தகைய மீன்களில் சேர்மானம் பொதுவாகக் குறைவு.

எத்தனை தடவை கழுவினாலும் வாயில மண்ணு நறநறங்குது, ஏன்?

மேலே சொன்ன உறிஞ்சும் பழக்கமே காரணம். இரையோடு மணலும் உள்ளே போகிறது. குடலிலும் செவுளிலும் தங்குகிறது. வெளியில் எத்தனை முறை உப்புப் போட்டுக் கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. கடைக்காரர் அவசரத்தில் வயிற்றைக் கிழிக்கும்போது குடல் உடைந்தால், அந்த மணல் சதையெங்கும் அப்பிக்கொள்கிறது.

என் தாய் செய்த முறை இது: முதலில் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் உரசிவிட்டு, செவுளைத் தலையோடு சேர்த்து முழுதாக இழுத்து எடுப்பார், குடலும் பெரும்பாலும் அதனுடனேயே வந்துவிடும். அதன் பிறகுதான் வயிற்றைக் கீறி, ஓடும் நீரில் விரலால் வழித்துக் கழுவுவார். வயிற்றைக் கடைசியில் கீறுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மண்ணுக்குள்ள புதைஞ்சுக்கும்னா, எப்படிப் பிடிக்கிறாங்க?

வீச்சு வலை, கரைவலை, ஓடையின் குறுக்கே கட்டும் செவுள் வலை, புழு கோத்த தூண்டில் என எல்லாவற்றிலும் இது அகப்படுகிறது. வலை நெருங்குவதை உணர்ந்தால் மணலுக்குள் தலையை நுழைத்துப் புதைந்துகொள்ளும். வலையின் அடிக்கயிறு அதன்மேல் நழுவிப் போய்விடும். இதை அறிந்த மீனவர்கள் சில கரைகளில் வலை வளைத்த பரப்புக்குள் வெறுங்காலோடு நடந்து, பாதத்துக்கடியில் மீன் துடிப்பதை உணர்ந்து எடுக்கிறார்கள். அறிவியல் நூல்களிலும் பதிவான செய்தி இது. சேற்றில் அப்படித் தடவி எடுக்க முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மீனின் பழக்கத்தையும் பிடிக்கும் முறையையும் மணலே தீர்மானிக்கிறது.

பெங்களூருக்கு வர்றதுக்குள்ள பழசாயிடாதா? நல்ல மீனை எப்படிப் பார்த்து எடுக்கிறது?

மங்களூரும் சென்னையும் இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மாலையில் பனிக்கட்டியில் அடுக்கிப் புறப்படும் மீன் விடிவதற்குள் யஷ்வந்த்பூருக்கும் சிவாஜிநகருக்கும் வந்துவிடும். பனிக்கட்டி குறையாமல் வந்த மீனுக்கு ஓரிரவுப் பயணம் கேடில்லை. கிழங்கானின் சதை மென்மையானது என்பதால் வெயிலில் தட்டில் பரப்பி வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குக் கேடு. காலை எட்டு மணிக்கு முன் போங்கள்.

கண் துருத்தித் தெளிவாக இருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும் என்பது எல்லா மீனுக்கும் பொது. கிழங்கானுக்கென்று இரண்டு சோதனைகள் உண்டு. உடலின் நடுவே நீளவாக்கில் ஓடும் வெள்ளிக்கோடு பளிச்சென்று தெரியவேண்டும். மீன் பழசாக ஆக அது மங்கிப்போகும். தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால் உடல் விறைப்பாக நிற்கவேண்டும். துணிபோல் தொங்கி, வயிற்றுப் பக்கம் குழைந்திருந்தால் எடுக்காதீர்கள்.

ஜூன் மாசத்துல மட்டும் விலை ஏன் இப்படி ஏறுது?

மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொன்றும் 61 நாள். ஜூன் முதல் பதினான்கு நாள்களில் இரு கரைகளிலும் விசைப்படகுகள் நின்றுவிடுகின்றன. இரு கரைகளையும் நம்பியிருக்கும் பெங்களூருக்கு அதுவே மிகவும் வறட்சியான பதினான்கு நாள்.

இயந்திரமில்லாத நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. கழிமுகத்தில் வீச்சு வலை வீசுவோர் தொழிலைத் தொடரலாம். அப்போது வரும் கொஞ்சக் கிழங்கான் அவர்கள் பிடித்ததாகவே இருக்கும். அந்த நாள்களில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

குழந்தைக்குக் கொடுக்கலாமா? முள் சிக்காதா?

தாராளமாகக் கொடுக்கலாம். கெண்டை போன்ற மீன்களில் இருப்பதுபோல் சதைக்குள் கவைமுட்கள் நிறைந்திருப்பதில்லை. நடுமுள்ளை வாலிலிருந்து தூக்கினால் விலா முட்களும் உடன் வரும். வயிற்றோரத்தை மட்டும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களுக்கும் எங்கள் வீட்டில் முதலில் கொடுப்பது இதைத்தான்.

வறுத்தா உடையுது, குழம்புல போட்டா கரையுது. நான் என்ன தப்புப் பண்றேன்?

பெரும்பாலும் அவசரம்தான் தவறு. மங்களூர் முறையில் ரவை தோய்த்து வறுப்பதற்குக் காரணம் உண்டு: ரவை மேலே ஓடுபோல் இறுகி மென்மையான சதையைத் தாங்கிக்கொள்கிறது. ரவை இல்லாமல் நம் முறையில் வறுப்பதானால் மசாலா தடவி அரைமணி நேரம் விட்டு, கல் நன்றாகக் காய்ந்தபின் போட்டு, அடிப்பக்கம் தானாகவே கல்லை விட்டு விடும்வரை திருப்பாதீர்கள். குழம்பில் புளியும் காரமும் கொதித்துச் சுண்டியபின் கடைசியாக மீனைப் போட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். ஐந்தாறு நிமிடங்களில் வெந்துவிடும்.

மங்களூர் கிழங்கானும் நம்ம ஊர் கிழங்கானும் ருசி வேற மாதிரி இருக்கே, வேற வேற மீனா?

முதல் பதிலில் ஒன்றுதான் என்று சொன்னதைச் சற்றே திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. பெரும்பாலும் ஒரே இனம் என்றாலும், கிழங்கான் குடும்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். கேரளக் கழிமுகங்களில் கிடைக்கும் சில்லாகோ வின்சென்ட்டி 1980இலும், சில்லாகோ இண்டிகா 1985இலும்தான் தனி இனங்களாக விவரிக்கப்பட்டன. அதற்கு முன்பு கழிகளில் பிடித்துத் தின்றவர்களுக்கு எல்லாமே ஒரே மீன்தான். ஆய்வாளர்கள் இவற்றைப் பிரிக்க மீனை அறுத்து உள்ளே இருக்கும் காற்றுப்பையின் வடிவத்தைப் பார்க்கிறார்கள். அதன் முன்புறமும் பின்புறமும் நீளும் கிளைகள் இனத்துக்கு இனம் மாறுபடும். வங்காளப் பக்கத்தில் தட்டைத் தலையும் முதுகில் நீண்ட முள்ளும் கொண்ட வேறொரு உறவினமும் உண்டு.

ஆனால் ருசி மாறுவதற்கு இனத்தைவிடப் பயண நேரமும் பருவமும் முக்கியக் காரணங்கள் என்பது என் எண்ணம். வெள்ளாற்றில் காலையில் பிடித்து மதியம் குழம்பானதோடு, இங்கே மறுநாள் வாங்குவதை ஒப்பிடுவது மீனுக்குச் செய்யும் அநீதி.

விரல் நீளத்துல பொடி மீனா மலிவா விக்கிறாங்க, வாங்கலாமா?

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கிழங்கான் 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. முதன்முதலில் முட்டையிடும் பக்குவத்தை அடைவது கரைக்குக் கரை சற்று மாறினாலும், ஏறக்குறைய 13 முதல் 17 சென்டிமீட்டர் நீளத்தில்தான். விரல் நீள மீன் ஒருமுறைகூட முட்டையிடாதது. முன்பு சொன்ன கழிமுகத் திட்டுகளில் வளர்ந்துகொண்டிருந்த குஞ்சு அது. வாங்குபவர் இல்லையென்றால் சிறுகண் வலைக்கும் தேவை இராது.

அளவுகோல் எடுத்துப் போகத் தேவையில்லை. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்துப் பாருங்கள். அதைவிடச் சிறிய மீனை விட்டுவிடுங்கள்.

ஆத்துல மணல் எடுத்தா மீனுக்கு என்ன? அடுத்த மழைக்கு மணல் திரும்ப வந்துடுமே?

இதுவரை படித்தவர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். உணவும் ஒளிவிடமும் குஞ்சுகள் வளரும் இடமும் அந்த மணல் திட்டுதான். இயந்திரம் வைத்துத் தோண்டினால் புழுக்களும் மட்டிகளும் மணலோடு லாரியில் ஏறிவிடுகின்றன. கலங்கிய சேறு பக்கத்துத் திட்டுகளின் மேல் படிந்து அவற்றையும் மூச்சடைக்க வைக்கிறது. மிஞ்சுவது ஆழமான குழி, அதில் தேங்குவது சேறு. புது மணல் மேலிருந்து வரவேண்டும், ஆனால் மேலே அணைகள் மணலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

கர்நாடகக் கரையில், குமட்டா வட்டத்தில் அகநாசினி ஆறு பெரிய அணை ஏதும் இல்லாமல் கடலை அடைகிறது. அதன் கழிமுகம் மட்டிகளுக்குப் பெயர்பெற்றது. 2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தோடு சேர்த்து பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நல்ல கழிமுகம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புவோர் ஒரு விடுமுறையில் அங்கே போய் வரலாம்.

ஆத்துத் தண்ணி வீணா கடல்ல கலக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் ஏன் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க?

கடலில் கலக்கும் ஆற்றுநீர் வீணாவதில்லை என்பதை என் ஊரிலேயே கண்டு வளர்ந்தேன். கழிமுகத்தின் உப்பை ஓர் அளவில் வைப்பதும், முகத்துவாரத்தை மணல் அடைக்காமல் உடைத்துத் திறப்பதும், வண்டலையும் ஊட்டத்தையும் கொண்டுவந்து புழுவுக்கும் இறாலுக்கும் உணவாக்குவதும் அந்த நீர்தான். வெள்ளம் வராத ஆண்டில் கழி உப்பேறிக் கிடப்பதையும், முகத்துவாரம் குறுகிப்போவதையும் கரையோர மக்கள் அனைவரும் அறிவார்கள்.

நேத்ராவதியில் தும்பெ அணையிலிருந்து மங்களூருக்குக் குடிநீர் போகிறது. அதன் மலைமுகட்டுக் கிளையோடைகளிலிருந்து 24.01 டி.எம்.சி. நீரைக் கிழக்கே கோலார், சிக்கபள்ளாப்பூர் முதலிய வறண்ட மாவட்டங்களுக்குத் திருப்பும் எத்தினஹொளெத் திட்டத்தின் முதல் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. கோலாரில் குடத்தோடு காத்திருக்கும் பெண்களுக்கு நீர் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. நான் கேட்பது, கணக்குப் போடும்போது கழிமுகத்தையும் ஒரு பங்குதாரராக எழுதிவைக்க வேண்டும் என்பதுதான். கடலுக்குப் போவது மிச்சம் என்று தொடங்கும் கணக்கில் அந்தப் பங்கு பூஜ்யமாகிவிடுகிறது.

நாம கடல்லேர்ந்து இவ்வளவு தூரத்துல இருக்கோம். நம்மால எந்தக் கழிமுகத்துக்கு என்ன ஆயிடப் போகுது?

பெங்களூர் ஒரு மேட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. நகரின் மேற்குப் பகுதிக் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்குப் பகுதியின் நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் சேர்கிறது. அந்த ஆற்றைத்தான் ஓசூரைத் தாண்டியபின் நாம் தென்பெண்ணை என்கிறோம். பெள்ளந்தூரில் பொங்கிய நுரையைப் படத்தில் பார்த்தவர்கள், அதே நுரை ஓசூர் கெலவரப்பள்ளி அணையின் மதகுகளிலும் பொங்கியதைப் பார்த்திருப்பார்கள். பின்னர் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் கடந்து, கடலூர் அருகே அந்த ஆறு கடலில் சேர்கிறது. அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தாலும் நீர் பெள்ளந்தூர்ப் பக்கமே போகும்.

ஆகவே என் சமையலறைத் தொட்டியில் ஊற்றும் சோப்புநீர் நல்ல முறையில் சுத்திகரிக்கப்படாமல் போனால், அதன் ஒரு பங்கு கடைசியில் போய்ச் சேரும் கழிமுகம், நான் பிறந்த பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் இருக்கிறது.